வரி கூட்டிக் கேட்ட கீழவீட்டம்மா

வரியைக் குறைக்கச் சொல்லி வந்தவர்களின் முகம் எதுவும் எனக்கு ஞாபகத்தில் இல்லை. நான் அந்த ஆபீசில் இருந்த காலம் முழுக்க வந்தவர்கள் எல்லோரும் அதற்காகத்தான் வந்தார்கள். கூரை ஒழுகுகிறது என்பார்கள். மாடு செத்துப்போனது என்பார்கள். வண்டி அச்சு முறிந்து மூலையில் கிடக்கிறது, அதற்கு எதற்கு வரி என்பார்கள். கூட்டச் சொல்லி மனுக் கொடுத்தவர் ஒரே ஒருவர்தான். அந்த அம்மாவை மட்டும் மறக்க முடியவில்லை.

அப்போது எங்கள் ஊருக்கு யூனியன் போர்டு வந்து அதிக நாள் ஆகவில்லை. கம்பம் போகிற சாலையில், ஒரு நெல் கமிஷன் கடையின் முன்கூடத்தில் ஆபீஸ் நடந்தது. ஒரு பக்கம் மூட்டை அடுக்கியிருக்கும், மறுபக்கம் நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஹெட் கிளார்க் ஒருவர், பியூன் ஒருவர், பில் கலெக்டராக நான். எனக்கு இருபது வயது முடிந்திருந்தது. நிலத்துக்குக் கிஸ்தி ஏற்கெனவே சர்க்காருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்கு மேல் வீட்டுக்கும் வண்டிக்கும் தொழிலுக்கும் தனியாக வரி கேட்டு நாங்கள் வந்தது ஊரில் யாருக்கும் பிடிக்கவில்லை. தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி என்று எவ்வளவு எடுத்துச் சொன்னாலும், "இம்புட்டு நாளும் இருட்டுல நடக்காமயா இருந்தோம்?" என்பார்கள். என்னைத் தூரத்தில் கண்டதுமே கதவைச் சாத்துகிற வீடுகள் இருந்தன.

வரி போடுவதற்கு முன்னால் வீடுகளுக்கு நம்பர் போட வேண்டும். பியூன் தார் டின்னைத் தூக்கிக்கொண்டு வர, நான் தெருத்தெருவாக நிலைக்கதவுகளில் நம்பர் எழுதிக்கொண்டு போனேன். அப்படித்தான் அந்த அம்மாவை முதலில் பார்த்தேன்.

ஒரே பெரிய வீட்டை நடுவில் சுவர் வைத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேற்குப் பாதி தம்பிக்கு, கிழக்குப் பாதி அண்ணனுக்கு. எங்கள் பக்கத்தில் மேற்கே இருந்தால் மேலவீடு, கிழக்கே இருந்தால் கீழவீடு. அந்தப் பெயரில் ஒசத்தி தாழ்த்தி எதுவும் கிடையாது. ஊரில் வேறு யாருக்கும் அப்படித் தோன்றியதும் இல்லை. கீழவீட்டம்மாவுக்கு மட்டும் தோன்றியது.

"ஏப்பா, அங்கன என்ன எழுதுன?"

"ஆறும்மா."

"இங்கன?"

"ஏழு."

அவருக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். இடுப்பில் சாவிக்கொத்து. எழுதின தார் காய்வதற்குள் அதைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிடுவார் போலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் மூத்தவ. அந்த வீட்டுக்காரி எந்தங்கச்சி. கூடப் பெறந்தவ. அவளுக்கு ஆறு, எனக்கு ஏழா?"

"மேக்க இருந்து வரிசையா வர்றோம்மா."

"கெழக்க இருந்து வந்தா என்ன? கால் வலிக்குமோ?"

மேலவீட்டு வாசலில் தங்கச்சி வந்து நின்றார். அக்காவைவிட எட்டு வயது சின்னவர், அதைவிடவும் சின்னவராகத் தெரிவார். விசயம் என்னவென்று கேட்டுவிட்டுச் சிரித்தார். "அக்கா, வேணும்னா மாத்திப் போடச் சொல்லுவமா? எனக்கு எந்த நம்பரா இருந்தா என்ன?"

கீழவீட்டம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் மட்டும் கேட்டது. "எந்த நம்பரா இருந்தா என்னவாம்ல. அவளுக்கு எதுவா இருந்தா என்ன!"

அவர் கோபம் நம்பர் மேல் இல்லை. தங்கச்சிக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லையே என்பதுதான் அவரைச் சுட்டது. இது எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

அக்காளும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொள்வது எங்கள் பக்கத்தில் புதிது இல்லை. பிறந்த வீடு தேவதானப்பட்டி. மூத்தவர் சின்னப் பெண்ணாக இருந்தபோதே தாயார் படுக்கையில் விழுந்துவிட்டார். தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டே சோறு ஆக்கி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, நாற்று நடுகிறவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்து வளர்த்தவர் இவர்தான். அந்தத் தங்கச்சி வளர்ந்ததும் பள்ளிக்கூடம் போனது. எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது. இவருக்குக் கைநாட்டுத்தான்.

கல்யாணமாகி இங்கே வந்த பிறகு கொழுந்தனுக்குப் பெண் பார்த்தபோது, தன் தங்கச்சியைத்தான் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் இவரேதான். ஒரு தடவை அதைப் பற்றிக் கேட்டேன். அவ்வளவு ஆகாத தங்கச்சியை எதற்குக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்றேன்.

"ஆகாதுன்னு யாரு சொன்னா?" என்று முறைத்தார். பிறகு சொன்னார். "வேற எங்கனயாச்சும் குடுத்திருந்தா, அவ என்னத்தத் திங்கிறா, என்னத்த உடுத்துறான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? கண்ணு முன்னால இருந்தாத்தான பாத்துக்கிட்டு இருக்கலாம்."

வளர்த்தவரின் அக்கறையில் சொன்னாரா, வயிற்றெரிச்சலில் சொன்னாரா என்று எனக்கு இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

வீட்டை மதிப்புப் போட வருகிறோம் என்று தமுக்கு அடித்ததும் ஊரே ஏழையாகிவிட்டது. புது ஓடுகளை இறக்கி வைத்துவிட்டுப் பழைய ஓலையைப் போர்த்தினார்கள். கறவை மாடுகள் உறவுக்காரர்கள் தோட்டத்துக்குப் போய்விட்டன. கீழவீட்டில் மட்டும் வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. அந்த அம்மா ஹெட் கிளார்க்கையும் என்னையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்தத் தூணு ரங்கூன் தேக்கு. எழுதிக்கிருங்க. இது நெல்லுக் குதிரு. பின்னால இன்னொண்ணு இருக்கு, வாங்க. மாடியில ஒரு ரூமு இருக்கு. ஏணி வச்சு ஏறணும், ஏறிப் பாத்துருங்க. மச்சுல நாலு பெட்டி கெடக்கு."

ஹெட் கிளார்க் பேனாவை மூடிவிட்டார். இந்த அம்மா தங்களைக் கேலி செய்கிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். உள்கூடத்தில் பெரியவர், அந்த அம்மாவின் வீட்டுக்காரர், புகையிலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னைப் பார்த்து மெல்லச் சொன்னார். "தம்பி, நீங்க இப்பத்தான் வரி போட வந்திருக்கீக. நான் இவளக் கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து கட்டிக்கிட்டு இருக்கேன்."

மதிப்பு முடிந்து நோட்டீஸ் போனது. மேலவீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்துவிட்டது. தெருவைப் பார்த்த முகப்பு அந்தப் பாதியில் அகலம். மறுவாரம் கீழவீட்டம்மா ஆபீசுக்கு மனுவோடு வந்தார். உத்தமபாளையம் கோர்ட்டு வாசலில் மனு எழுதுகிறவரிடம் எழுதி வாங்கி வந்தது. அந்த ஆள் 'குறைக்கும்படி' என்று இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் இவர் கிழித்துப் போட வைத்தாராம்.

ஹெட் கிளார்க் படித்துவிட்டு, "அம்மா, இதுல வரி பத்தாது, கூட்டிப் போடணும்னு எழுதியிருக்கு. தப்பா எழுதிட்டானா?" என்று கேட்டார்.

"சரியாத்தான் எழுதியிருக்கான். எங்க வீடு எந்த விதத்துல அந்த வீட்டுக்குக் கொறச்சல்? உள்ள வந்து பாத்தீகள்ல?"

போர்டு சேர்மனுக்கு ஒரே சந்தோசம். வரி ஏறினால் யார் வேண்டாம் என்பார்கள்? மேலவீட்டைவிட ஓரணா கூடுதலாகப் போட்டு உத்தரவு போட்டார். அந்த வருடம் ஊரிலேயே முதலில் வரி கட்டியது கீழவீடுதான். அதுவும் நான் போய் வாங்கவில்லை. அவரே வந்து கட்டினார். ரசீதை நான் வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்றார். படித்தேன். இன்னும் சத்தமாகப் படி என்றார். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் நின்று கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் அதே தெருவில் வசூலுக்குப் போனேன். தங்கச்சி வாசலில் நின்று என்னிடமே, "அக்கா வீடுதான் பெருசு, நான் எப்ப இல்லைன்னேன்?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் வரியைக் கட்டினார். இதை நான் கீழவீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த ஓரணா வீணாகப் போயிருக்கும்.

இரண்டு மூன்று வருடத்தில் பெரியவர் இறந்துபோனார். ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகளைப் பெரியகுளம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வீடும் வயலும் மலையில் இருந்த சின்ன ஏலத்தோட்டமும் அம்மாவின் பெயருக்கு வந்தன. வெள்ளைச் சேலையில் அவரைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆபீசுக்கு வந்து பெயர் மாற்ற மனுக் கொடுத்தபோது குரல் எழும்பவே இல்லை. ஹெட் கிளார்க் ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே நீங்கதான் வரி கட்டுறவுக. அடுத்த எலக்சன்ல ஒங்களுக்கு ஓட்டு உண்டும்மா."

அம்மா நிமிர்ந்தார். "ஓட்டா? எந்தங்கச்சிக்கு?"

"அவுக வீடு வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அவுகளுக்குக் கெடையாது."

புருசன் போன துக்கத்தில் இருந்தவர் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும். சட்டென்று தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். உண்மையான அழுகைதான் அது.

எலக்சன் அன்றைக்கு ஓட்டுப் போடுகிற இடம் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அவர் வில்வண்டி கட்டச் சொன்னார். மாட்டுக்குச் சலங்கை போட்டு, வண்டியைத் தெருவைச் சுற்றி மேலவீட்டு வாசல் வழியாக ஓட்டிக்கொண்டு வரச் சொன்னார். தங்கச்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதெல்லாம் எழுதத் தெரியாதவர்கள் அதிகாரியிடம் மெதுவாகப் பெயரைச் சொல்ல வேண்டும், அவர் குறித்துக்கொள்வார். இந்த அம்மா தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். அதிகாரி காதைப் பொத்திக்கொண்டார். நல்லவேளை, அவர் பெயர் சொன்ன ஆளே ஜெயித்தார்.

அந்தச் சந்தோசம் அதிக நாள் நீடிக்கவில்லை. பெண்கள் தரப்பில் ஒருவரை போர்டு மெம்பராகப் போட வேண்டும் என்று மேலே இருந்து உத்தரவு வந்தது. ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்த, கௌரவமான குடும்பத்துப் பெண் என்று பார்த்தால் ஒரே ஒருவர்தான் இருந்தார். மேலவீட்டம்மா மெம்பர் ஆனார்.

கமிஷன் கடைக் கூடத்தில் ஆண்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார, அவருக்கு என்று தனியாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டோம். பிரம்பு பின்னிய நாற்காலி. மீட்டிங் நாளில் எல்லாம் கீழவீட்டம்மா ஆபீசுக்கு வந்துவிடுவார். ரசீது தொலைந்துபோய்விட்டது என்பார். வண்டி வரி எவ்வளவு என்று கேட்பார். ஏதாவது ஒரு காரணம் சொல்லிவிட்டு வெளியே ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். உள்ளே தங்கச்சி பேசுவது கேட்கும். அதிகம் பேச மாட்டார். பள்ளிக்கூடத்துத் தெருவில் விளக்கு இல்லை, பெண்கள் தண்ணீர் எடுக்கிற ஊருணியில் மாட்டை இறக்கக் கூடாது, இந்த மாதிரித்தான் பேசுவார். தங்கச்சி வாய் திறக்கும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே இவர் உதடும் அசைவதை நான் பார்த்திருக்கிறேன். பதில் சொல்கிறாரா, கூடச் சேர்ந்து சொல்லிப் பார்க்கிறாரா, தெரியாது.

ஒருநாள் மீட்டிங் முடிந்து எல்லோரும் போனபின் உள்ளே வந்தார். நான் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிரம்பு நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்தார். உட்காரவில்லை.

"இதுல உக்காந்தா எப்பிடி இருக்கும்னு அவகிட்டக் கேட்டுச் சொல்லுவியா?" என்றார்.

"நீங்களே கேக்கலாம்ல?"

"நான் கேட்டா, 'உக்காந்துதான் பாருக்கா'ம்பா. அவ கொணம் அது."

அதற்குப் பிறகு விலை விழுந்த காலம் வந்தது. நெல்லு களத்திலேயே கிடந்தது. ஏலக்காயை மலையிலிருந்து இறக்குகிற கூலிக்குக்கூட அதை வாங்குவார் இல்லை. நல்ல நிலத்துக்காரர்களே வண்டியை விற்றுவிட்டு நடந்தார்கள். எங்களுக்கு வசூல் படுத்துவிட்டது. வீட்டுக் கதவைக் கழற்றி ஜப்தி செய்கிற அளவுக்குப் போக வேண்டாம் என்று போர்டில் பேசி, கஷ்டப்படுகிற விதவைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் பாதி வரியைத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்தார்கள். யார் யாருக்குத் தரலாம் என்று பார்த்துச் சொல்லும் வேலையை மேலவீட்டம்மா ஏற்றுக்கொண்டார். பெண்கள் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த மீட்டிங்கில் ஹெட் கிளார்க் எழுந்து பெயர்களை வாசித்தார். முதல் பெயரே கீழவீட்டம்மாவின் பெயர். 'விதவை. ஆண் துணை இல்லை. வருமானம் இல்லை.'

ஜன்னலுக்கு வெளியே இருந்தவர் எழுந்து உள்ளே வந்துவிட்டார்.

"நிறுத்துங்கய்யா."

சேர்மன் பதறிப்போனார். "என்ன ஆத்தா, இது மீட்டிங்கு. இங்கன வரக் கூடாது."

"எம்பேரு மட்டும் வரலாமாக்கும்?"

அவர் தங்கச்சியைப் பார்த்துத் திரும்பினார். "யாருடி ஒங்கிட்டச் சொன்னது, எனக்கு இல்லைன்னு?"

தங்கச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அக்கா, சத்தம் போடாத. வெளைஞ்சது அம்புட்டும் களத்துல கெடக்கு. மலைத்தோட்டத்தைக் காடாப் போட்டுட்ட. எனக்குத் தெரியாதா? சுவத்துக்கு அந்தப் பக்கந்தான இருக்கேன். ஒன் வீட்டு அடுப்பு ஒரு நேரந்தான் புகையுது."

"அப்ப நீயும் என்னையப் பாத்துக்கிட்டுத்தான் இருக்க."

"பாக்காம?"

ஒரு கணம் கீழவீட்டம்மாவின் முகத்தில் கோபம் இல்லை. கேட்க வேண்டும் என்று வெகுகாலமாகக் காத்திருந்த ஒன்றைக் கேட்டுவிட்ட மாதிரி இருந்தது. அது உடனே போய்விட்டது.

"ஒன்னய இடுப்புல வச்சு வச்சு என் இடுப்புக் கருத்துப்போச்சு. நீ பள்ளிக்கூடம் போகையில நான் சாணி அள்ளிக்கிட்டு இருந்தேன். அங்கன போயிப் படிச்சது இதுக்குத்தானா? எம்பேருக்கு நேரா இல்லாதவன்னு எழுதுறதுக்கா?"

"அக்கா..."

"பேரை அடிங்கய்யா. முழுசாக் கட்டுவேன்."

பெயரை அடித்தார்கள். அவர் முழுசாகத்தான் கட்டினார். சலங்கை கட்டின மாடுகளும் வில்வண்டியும் கம்பம் சந்தைக்குப் போய்விட்டன. அதை விற்கிறபோதுகூட, மேலவீட்டு வாசல் வழியாகப் போகாமல் பின்சந்து வழியாக ஓட்டிப் போகச் சொன்னாராம்.

மேலவீட்டம்மா அதற்குப் பிறகு மீட்டிங்குக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு விலகிக்கொண்டார். அவர் எழுதின கடைசி மனுவை நான்தான் வாங்கினேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். கொஞ்ச நாள் கழித்து அக்காள் வந்தார். நாற்காலியில் ஹெட் கிளார்க் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "அவ ஏன் வரலை?" என்று கேட்டார்.

"ராஜினாமாக் குடுத்துட்டாக."

"மடச்சி," என்றார். "எனக்குக் கெடைச்சிருந்தா விட்டிருப்பேனா?"

இப்படியெல்லாம் சொன்னால் அவரைப் பொல்லாதவர் என்று நினைக்கத் தோன்றும். பொல்லாதவர் இல்லை. வசூலுக்குப் போகிற என்னை மோர் குடிக்க வைக்காமல் அனுப்பியதே இல்லை. என் சம்சாரத்துக்குப் பிரசவமானபோது சம்பா அரிசி கொடுத்துவிட்டார். மேலவீட்டிலிருந்து என்ன வந்தது என்று கேட்டுவிட்டு, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டார், அவ்வளவுதான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போர்டுக்குப் பஞ்சாயத்து போர்டு என்று பெயர் மாறி, கமிஷன் கடையை விட்டுச் சொந்தமாக ஓடு வேய்ந்த கட்டடத்துக்கு வந்த சமயம், பழைய ஹெட் கிளார்க் ஓய்வு பெற்றார். அந்த இடம் எனக்கு வரும் என்று இருந்தேன். எனக்குப் பின்னால் வந்து சேர்ந்தவருக்குப் போனது. அவர் நல்ல மனுசன், வேலை தெரிந்தவர். அதனால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்த வாரம் கீழவீட்டுக்கு வசூலுக்குப் போனபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, மொகம் கருத்துக் கெடக்கு?"

"வெயிலும்மா."

"வெயிலு இல்ல. இந்த மொகம் எனக்குத் தெரியும். கண்ணாடியில பாத்திருக்கேன்." மோரை என் கையில் கொடுத்தார். "யாருக்குக் கெடைச்சது?"

சொன்னேன்.

"அவன் ஒன்னயத் துச்சமாப் பேசுறானா?"

"இல்லம்மா. பழைய மாதிரியே அண்ணேன்னுதான் கூப்புடுறாரு. எதுன்னாலும் என்கிட்டக் கேட்டுட்டுத்தான் செய்யிறாரு."

"அதான்," என்றார் கீழவீட்டம்மா. தரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். "அவுக நல்லவுகளா வேற இருந்து தொலைச்சிருவாக. கெட்டவுகளா இருந்தா நம்ம பாடு கொறையும்ல?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. வீட்டுக்காரியிடம்கூட நான் சொல்லாத விசயம் அது. ஊரிலேயே அதை முகம் சுளிக்காமல் கேட்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் தங்கச்சிக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. கை கால் வரவில்லை. பேச்சும் நின்றுபோனது. அவருடைய மருமகள் கைப்பிள்ளைக்காரி. சின்னவர், தங்கச்சியின் வீட்டுக்காரர், கம்பு ஊன்றாமல் நடக்க முடியாதவர். மருமகள் முடிந்தவரை பார்த்துக்கொண்டாள். ஊரில் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். கீழவீட்டம்மா மட்டும் போகவில்லை. தெருவில் இறங்கி, ஊர் பார்க்க அந்த வாசலில் ஏற அவரால் முடியவில்லை.

ஒருநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் வந்து நின்றார். தலை முழுக்க வெளுத்திருந்தது.

"ஏப்பா, சுவத்துல வாசல் வைக்கணும்னா ஒங்ககிட்ட மனுக் குடுக்கணுமா?"

"எந்தச் சுவரும்மா?"

"நடுச்சுவரு. எங்க வீட்டுக்கும் அவ வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது."

"தெருப் பக்கம் இடிச்சாத்தான் கேக்கணும். உள்ளுக்குள்ள செய்யிறதுக்கு ஒண்ணும் வேண்டியதில்ல."

அவர் நகரவில்லை. "வாசல் வச்சுட்டா, ரெண்டும் ஒரே வீடுன்னு எழுதிருவீகளா?"

"ஏம்மா கேக்குறீக?"

"எழுதக் கூடாது. ரெண்டும் ரெண்டாத்தான் இருக்கணும். அவ வரி வேற, என் வரி வேற. வாசல் மட்டுந்தான் வேணும்."

எழுத மாட்டோம் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லி அனுப்பினேன். இருந்தாலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. சுவரை உடைத்த பிறகு நானே வந்து பார்த்து, இரண்டு வீடுதான் என்று வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆள் அனுப்பினார். போனேன்.

குனிந்து போகிற அளவுக்கு ஒரு வாசல். சுற்றிலும் இன்னும் பூசவில்லை, செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் கட்டிலுக்குக் கீழே பாயில் தங்கச்சியை உட்கார வைத்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அக்காள் தலை வாரிக்கொண்டிருந்தார். எண்ணெய் வாசம் வந்தது. பக்கத்தில் கஞ்சிக் கிண்ணம் காலியாக இருந்தது. மருமகள் அடுப்படியில் இருந்தாள்.

என்னைப் பார்த்ததும் கீழவீட்டம்மா சீப்பை நிறுத்தவில்லை. ஒரு பிடி முடியைத் தூக்கிக் காட்டினார்.

"இதைப் பாரு. ஐம்பது தாண்டிருச்சு இவளுக்கு. ஒத்த முடி வெளுத்திருக்கா பாரு. எனக்கு இவ தாலி கட்டி வந்த வருசமே நரைச்சுப்போச்சு. ஒரே வயித்துல பெறந்தோம், ஒரே தண்ணியிலதான் குளிக்கிறோம். இது என்ன ஞாயம்?"

தங்கச்சிக்குப் பேச்சு வராது. வாயின் ஒரு பாதி மட்டும் கோணிக்கொண்டு சிரித்தது. தொண்டைக்குள்ளே ஏதோ சத்தம்.

"பாரு, சிரிக்கிறா. எப்பப் பாத்தாலும் சிரிப்புத்தான். இப்பக்கூடப் பொறாமையா எதாச்சும் சொல்றாளா பாரு," என்று சொல்லிக்கொண்டே சிக்கு விழுந்த இடத்தில் விரலை வைத்து, வலிக்காமல் ஒவ்வொரு இழையாகப் பிரித்தார்.

வீடு இரண்டுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒன்றரை வருடம் அந்த வாசல் வழியாகத்தான் போய் வந்தார். ஒரு தடவைகூடத் தெருப்பக்கமாக அந்த வீட்டுக்குள் நுழையவில்லை. உள்ளே நடக்கிற சண்டை தெருவில் போகிறவர்களுக்குக் கேட்கும். சண்டை என்றால், ஒரு குரல்தான் கேட்கும்.

மழைக்காலத்தில் ஒரு விடியற்காலம் தங்கச்சி போய்விட்டார். நான் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். சின்னவர் மூலையில் உட்கார்ந்திருந்தார். புருசன் உயிரோடு இருக்கும்போதே போகிறவர் என்பதால் பிறந்த வீட்டுத் தேவதானப்பட்டிக்காரர்கள் கோடிச்சேலையும் பூவும் கொண்டுவந்திருந்தார்கள். கறுத்த முடியைப் பின்னி, நிறையப் பூ வைத்திருந்தது. தலைமாட்டில் கீழவீட்டம்மா உட்கார்ந்திருந்தார். மற்ற பெண்கள் ஒப்பாரி வைக்க, அவர் மட்டும் தங்கச்சியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டுச்சேலை, பூவு, பொட்டு. கல்யாணத்துக்குப் போறவளாட்டம் கெடக்கா பாரு," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "நான் போகையில வெள்ளைத்துணிதான். இதுலயும் அவளுக்குத்தான்."

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டார்.

மருமகள் குங்குமச் சிமிழோடு வந்து நெற்றியில் பொட்டு வைத்தாள். தாலி அறுத்தவர் கை அதில் படக் கூடாது. கீழவீட்டம்மா இரண்டு கையையும் மடிக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இம்புட்டூண்டா வைக்கிறது? நல்லாப் பெருசா வையிடி. ஊரே பாக்கப் போகுது." குரல் உடைந்தது. "இன்னும் பெருசா வையி."